படகு இயந்திரத்தின் நீர்வழி

"இயந்திரக் கோளாறு காரணமாக" என்னும் தொடர் தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி தென்படுவது. இராமேசுவரத்திலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ சென்ற விசைப்படகு ஒன்று நடுக்கடலில் நின்றுவிட்டது. நீரோட்டமும் காற்றும் அதை இழுத்துச் சென்றன. படகிலிருந்தோர் எல்லை கடந்தவராகிப் பிடிபட்டனர் என்று செய்தி வருகிறது. தில்லியில் வாழும் தமிழர் அதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த செய்திக்குச் செல்கின்றனர். பாக்கு நீரிணையில் அந்த எல்லைக்கோட்டை வரைந்த ஒப்பந்தம் 1974-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொழும்பிலும் புதுத் தில்லியிலும் கையெழுத்தாயிற்று. மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் உரிய கோடு 1976-இல் வரையப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. அதன் நடுவே செல்லும் கோடு, நின்றுபோன படகுக்குச் சில மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது.

கோடுகளைப் பற்றியும் ஒப்பந்தங்களைப் பற்றியும் நிரம்பப் பேசியாயிற்று. அந்த "இயந்திரக் கோளாறு" என்ற இரு சொற்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர் சிலரே. எரியெண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், மின்கலம் ஓய்ந்திருக்கலாம், சுழலியில் வலை சிக்கியிருக்கலாம். ஆனால் கடல் இயந்திரம் தோன்றிய நாள் முதல் அதனை விடாது தொடர்ந்து வரும் கோளாறு ஒன்று உண்டு. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் செல்லும் வழி அடைபட்டுப் போவதே அது. இருநூறு ஆண்டுக் காலமாகப் பொறியியலார் அந்த அடைப்போடு போராடி வருகின்றனர். அதை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்திற்கு மாற்றினார்களேயன்றி, அறவே ஒழித்தார்களில்லை. அந்தப் போராட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

டீசல் இயந்திரம் ஒன்று எரிக்கும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் படகை உந்தும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியை இயந்திரத்தின் சுவர்களிலிருந்து நீரானது வாங்கிக்கொண்டு போக வேண்டும். வாங்கிக்கொண்டு போக நீர் வரவில்லையானால், சில நிமிடங்களில் உருளையின் உட்சுவரில் எண்ணெய்ப் படலம் வற்றும். உலோகம் உலோகத்தோடு உராயும். உந்துதண்டு இறுகிப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்த இயந்திரத்தை நடுக்கடலில் எவராலும் ஓட்ட முடியாது. படகைச் சுற்றிலும் எல்லையற்ற நீர் கிடக்க, இயந்திரம் நீரின்றி வெந்து போகிறது. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்க வேண்டும் என்று நம் நாட்டுப்புறத்தார் சொல்வர். கடல் நிறைய நீர் இருந்தாலும் இயந்திரம் தன் சிறு குழாயின் வழியேதான் குடிக்க வேண்டும். அக்குழாயின் வாய் அடைபட்டால் கடல் இருந்தும் இல்லாததே.

அடைப்பு எவ்வாறு உண்டாகிறது என்பதை அறியத் தில்லிவாசிகள் கடற்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை. கோடைக்காலத்தில் சன்னலில் பொருத்தும் 'கூலர்' பெட்டியைப் பார்த்தால் போதும். ஒரு பருவம் ஓடி முடிந்ததும் அதன் வைக்கோல் தட்டியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நீர் சொட்டும் துளைகளில் பாதி தூர்ந்திருக்கும். இந்நகரின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. அதில் சுண்ணமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. நீர் ஆவியாகிப் போகிறது; கரைந்திருந்தவை போவதில்லை. அவையே தங்கிக் கல்லாகின்றன. வெந்நீர்க் கொப்பரையின் அடியில் படியும் பொருக்கும் இதன் உறவே. கூலரில் நிகழ்வது தட்டியை மாற்றும் அளவிலான தொல்லை. கடலில் நிகழும்போதோ அது உயிரைப் பற்றிய தொல்லையாகிவிடுகிறது. ஏனெனில், கடல் நீரின் ஆயிரம் பங்கில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு.

கப்பலில் முதன்முதல் நீராவி இயந்திரத்தை ஏற்றியவர்கள் இந்த 35 பங்கைத்தான் முதற்பகையாகச் சந்தித்தனர். ஜேம்ஸ் வாட் 1765-இல் சிந்தித்து 1769-இல் காப்புரிமை பெற்ற தனிக் குளிர்கலன், நீராவி இயந்திரத்தின் எரிபொருட்செலவைப் பெரிதும் குறைத்தது. வேலை செய்து முடித்த ஆவியின் மீது குளிர்ந்த நீரைப் பீச்சி அதனை மீண்டும் நீராக்குவது அம்முறை. நிலத்தில் இதனால் தொல்லை இல்லை. கடலிலோ பீச்சும் நீர் உப்பு நீர். ஆவியிலிருந்து கிடைத்த நன்னீர் அதனோடு கலந்து உப்பாயிற்று. அதுவே மறுபடியும் கொதிகலனுக்குள் சென்றது. கொதிக்கக் கொதிக்க உப்பு மிகுந்தது. கொதிகலனின் நீரில் உப்பு எத்துணை என்பதை அளக்கத் தனிக் கருவி வைத்திருந்தனர். கடல் நீரின் இயல்பான உப்பை 32-இல் ஒரு பங்கு எனக் கொண்டு, அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று கணக்கிட்டு வந்தனர். அளவு மீறும்போது கொதிகலனின் அடியிலுள்ள சூடான உவர்நீரை வெளியே பீறிடச் செய்து, புதுக் கடல் நீரை ஏற்றினர். அரும்பாடுபட்டு மூட்டிய வெப்பத்தில் ஒரு பகுதி இவ்வாறு நாள்தோறும் கடலில் கொட்டப்பட்டது.

அதுவும் போதவில்லை. கடல் நீரிலுள்ள கால்சியம் சல்பேட்டு என்னும் பொருளுக்கு வியப்பான குணம் ஒன்று உண்டு. சர்க்கரையும் சமையல் உப்பும் சூடான நீரில் மிகுதியாகக் கரைகின்றன. இதுவோ சூடு ஏற ஏறக் கரையாமல் வெளியே வருகிறது. எனவே கொதிகலனில் எந்தத் தகடு மிகச் சூடாக இருக்கிறதோ, அந்தத் தகட்டிலேயே சென்று படிகிறது. செப்பு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றலோடு ஒப்பிட்டால், இந்தப் பொருக்கின் ஆற்றல் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நெருப்பின் வெப்பம் நீருக்குச் செல்லாமல் தகட்டிலேயே தேங்கித் தகடு கனன்று வளையும். ஆகவே துறைமுகம் அடைந்ததும், சில வேளைகளில் கடல் நடுவிலேயே பாய்களை விரித்துக்கொண்டு நெருப்பை அணைத்தும், ஆட்கள் கொதிகலனுக்குள் இறங்கிச் சுத்தியாலும் உளியாலும் உப்பைக் கொத்தி எடுத்தனர். படகு இயந்திரத்தைத் துப்புரவு செய்யும் தொழில் அவ்வாறு பிறந்தது.

நம் நாட்டிற்கு நீராவிக் கலங்கள் வந்த காலம் இதுவே. கல்கத்தாவை அடுத்த கிதர்ப்பூரில் 1823-இல் 'டயானா' என்னும் நீராவிக் கலம் நீரில் இறக்கப்பட்டது. அது அடுத்து நிகழ்ந்த பர்மியப் போரில் ஈடுபட்டது. 1825-இல் 'எண்டர்பிரைஸ்' என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பாயும் நீராவியும் மாறிமாறி உதவ, 113 நாட்களில் வங்கத்தை அடைந்தது. 1834 முதல் கங்கையில் கல்கத்தாவுக்கும் அலகாபாத்துக்கும் இடையே அரசின் நீராவிக் கலங்கள் ஓடின. நம் கண் முன் செல்லும் யமுனை கங்கையோடு கலக்கும் இடம் வரை அவை வந்தன. ஆற்றில் உப்பில்லை, ஆனால் வண்டல் உண்டு. மழைக்காலத்து யமுனையையும் கங்கையையும் கண்டவர்களுக்கு அந்நீர் ஒரு பாத்திரத்தில் தெளிந்தால் அடியில் எவ்வளவு சேறு நிற்கும் என்பது தெரியும். கொதிகலனின் அடியிலும் அதுவே நின்றது. கடலில் உப்பு, ஆற்றில் சேறு, பெயர்தான் வேறு.

இத்தொல்லைக்கு மாற்றாக ஆங்கிலேயரான சாமுவேல் ஹால் 1834-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆவியையும் கடல் நீரையும் கலக்கவே விடக்கூடாது. நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களின் ஒரு பக்கம் ஆவியும், மறுபக்கம் குளிர்ந்த நீரும் செல்லட்டும். வெப்பம் மட்டும் குழாய்ச் சுவரைக் கடந்து செல்லட்டும் என்றார். இவ்வாறு ஆவியிலிருந்து கிடைக்கும் நன்னீர் நன்னீராகவே கொதிகலனுக்குத் திரும்பும். 1838-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த 'சிரியஸ்' என்னும் கப்பலில் ஹாலின் குளிர்கலன் இருந்தது. உப்பின் தொல்லை அதோடு முடிந்தது என்று எண்ணியிருப்பர். முடியவில்லை. அந்நாளில் இயந்திரத்திற்கு மசகாக மாட்டுக் கொழுப்பைப் பயன்படுத்தினர். அக்கொழுப்பு ஆவியோடு சென்று, மெல்லிய குழாய்களின் மேல் படிந்து, அவற்றைப் பூசி அடைத்தது. கொதிகலனுக்குள் சென்று தகடுகளை அரித்தது. உப்பு விட்ட இடத்தைக் கொழுப்புப் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அம்முறை பரவாமல் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1860-க்குப் பின்னரே இக்குளிர்கலன் கடலில் நிலைபெற்றது. கொதிகலனுக்கு நன்னீர் கிடைத்ததால் ஆவியின் அழுத்தத்தை உயர்த்த முடிந்தது; ஒரே ஆவியை இரண்டு உருளைகளில் அடுத்தடுத்து வேலை வாங்க முடிந்தது; நிலக்கரிச் செலவு குறைந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பாய்க்கப்பல் பின்தங்க, நீராவிக் கப்பல் கீழைக் கடல்களை ஆளத் தொடங்கியது. தமிழர் திரள் திரளாகக் கடல் கடந்து சென்ற காலமும் இதனோடு ஒட்டியதே. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைச் சுமந்து சென்ற கப்பல்களின் அடித்தளத்தில், இத்தகைய பித்தளைக் குழாய்கள் அடுக்கடுக்காக இருந்தன. 1926-இல் கட்டப்பெற்று, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடி, 1973-இல் அப்பணியிலிருந்து ஓய்ந்த 'ரஜூலா' கப்பலைத் தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. பயணிகள் மேல்தளத்தில் மூட்டைகளின்மேல் சாய்ந்து ஊரை எண்ணிக்கொண்டிருந்தபோது, கீழே குழாய்களின் தூய்மையைக் காத்து நின்றவர்களை எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சொந்தக் கப்பல் என்னும் கனவை நமக்குத் தந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-இல் அவர் தூத்துக்குடியில் நிறுவிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி, 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களைக் கொழும்புத் துறைக்கு ஓட்டியது. அந்நியரின் போட்டியும் அரசின் அடக்குமுறையும் சேர்ந்து 1911-க்குள் அக்கம்பெனியை மூடச் செய்தன. ஆனால் அம்முயற்சி ஓர் உண்மையை நாட்டிற்கு உணர்த்திச் சென்றது. கப்பலை வாங்குவது விடுதலையின் ஒரு பாதியே. அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் பேணவும் வல்ல கைகள் நம்மிடமே உண்டாவது மறுபாதி.

அக்கைகளுக்கு வேலை குறையவில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் குளிர்கலன் குழாய்கள் அரித்துப் பொத்துக்கொண்டு, உப்பு நீர் உள்ளே கசிந்தது. மாலுமிகள் அதற்கு ஏதோ தொற்றுநோய்க்குப் பெயரிடுவதுபோல் 'கண்டென்சரைட்டிஸ்' என்று பெயரிட்டனர். அரிப்பைத் தடுக்கும் முயற்சிக்கும் ஒரு பழங்கதை உண்டு. கப்பலின் அடியில் போர்த்திய செப்புத் தகடு அரியாதிருக்க, அதனோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைக்கலாம் என்று ஹம்ப்ரி டேவி 1824-இல் கண்டுபிடித்தார். செப்பு அரிபடவில்லை. ஆனால் அரிபடும் செப்பிலிருந்து கசியும் நஞ்சுதான் அதுவரை கடலுயிர்களை அண்டவிடாமல் காத்து வந்தது. அரிப்பு நின்றதும் கொட்டலசும் பாசியும் தாராளமாக வந்து ஒட்டிக்கொண்டன. கடற்படையினர் அம்முறையைக் கைவிட்டனர். ஒரு கதவை அடைத்தால் மறு கதவு திறந்துகொள்வது கடலின் இயல்பு போலும்.

நீராவிக்குப் பின் டீசல் வந்தது. ருடால்ஃப் டீசலின் இயந்திரம் 1897-இல் செம்மையாக ஓடியது. 1912-இல் 'செலாண்டியா' என்னும் டேனிஷ் கப்பல் டீசல் இயந்திரத்தின் துணையால் கீழை நாடுகள் வரை சென்று மீண்டது. கொதிகலன் போயிற்று, ஆனால் நெருப்பு இப்போது உருளைக்குள்ளேயே எரிந்தது. ஆகவே குளிர்நீரின் தேவை முன்னிலும் நெருக்கமாயிற்று. சிறு படகுகளில் கடல் நீரையே நேராக இயந்திரத்தின் உடலுக்குள் செலுத்தினர். அவ்வாறு செய்தால் நீரின் வெப்பத்தை ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் உயர விடலாகாது. உயர்ந்தால் உப்பும் சுண்ணமும் உள்ளறைகளில் படியத் தொடங்கும். இயந்திரமோ 80 பாகையளவில்தான் நன்கு ஓடும். இந்த முரணைத் தீர்க்க ஹாலின் பழைய எண்ணமே மீண்டும் கைகொடுத்தது. இயந்திரத்தினுள் நன்னீர் சுற்றி வரும். அதன் வெப்பத்தை ஒரு குழாய்க்கட்டு வழியாகக் கடல் நீர் வாங்கிச் செல்லும். இதனை வெப்பமாற்றி என்பர். வேறு சில படகுகளில் நன்னீர்க் குழாயையே ஏராமரத்தின் அருகே படகின் வெளிப்புறத்தில் பொருத்திக் கடலில் நனைய விடுவர்.

நம் மீனவரிடம் டீசல் இயந்திரம் வந்தது நாடு விடுதலை பெற்ற பிறகே. 1952-இல் ஐக்கிய நாடுகள் அவையும் இந்தியாவும் நார்வேயும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1953 முதல் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் விசைப்படகுகள் அறிமுகமாயின. சென்னை மாநிலத்திலும் ஐந்தாண்டுத் திட்டங்களின் கீழ் 'பாப்லோ' என வழங்கிய சிறு விசைப்படகுகள் மீனவருக்குத் தவணை முறையில் அளிக்கப்பட்டன. 1957-இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அமைந்தது. 1963-இல் அந்நகரிலேயே மீன்பிடிக் கலங்களை இயக்குவோருக்கான மத்தியப் பயிற்சி நிலையம் தோன்றிற்று. 1968-இல் சென்னையில் அதன் பிரிவு ஏற்பட்டது. படகோட்டியோடு கடல் இயந்திரப் பொருத்துநரையும் அங்கே பயிற்றுவித்தனர். திட்டமிட்டோர் படகைக் கொடுத்தால் போதும் என்று எண்ணியிருந்தால், சில ஆண்டுகளில் கடற்கரையெங்கும் துருப்பிடித்த இரும்பே குவிந்திருக்கும்.

எனினும் பயிற்சி நிலையத்தின் படியை மிதியாதவர்களே மிகப் பலர். பாயையும் துடுப்பையும் காற்றையும் அறிந்த ஒரு சமுதாயம், ஒரு தலைமுறைக் காலத்தில் வால்வையும் பம்பையும் கற்றுக்கொண்டது. லாரிக்கென வார்த்த இயந்திரங்களும் படகில் ஏறின. லாரியில் காற்று எதிரே வந்து ரேடியேட்டரைக் குளிர்விக்கும். படகின் அறையில் காற்று ஏது? ரேடியேட்டரை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் கடல் நீர் பாயும் வெப்பமாற்றியை அமைத்தனர். இயந்திரம் தரையை விட்டுக் கடலுக்கு வந்ததன் அடையாளம் அந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது. அதனோடு கடலின் தொல்லைகள் யாவும் அதற்கு வந்து சேர்ந்தன.

அத்தொல்லைகளை நீர் செல்லும் வழியிலேயே தொடர்ந்து காணலாம். படகின் அடிப்பலகையில் நீர் புகும் துளையும் அதற்கு ஒரு வால்வும் உண்டு. அங்கே பாசியும் கொட்டலசும் பிடிக்கும். இக்காலத்தில் பிளாஸ்டிக் பை ஒன்று வந்து அப்பிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. அடுத்து வடிகூடை, மணலும் செத்தையும் சொறிமீனின் கூழும் அதில் தங்கும். அதற்கடுத்து நீரேற்றும் பம்பு. அதனுள் 'இம்பெல்லர்' எனப்படும் இரப்பர் இதழ்ச் சக்கரம் சுழல்கிறது. நீரின்றிச் சிறிது நேரம் சுழன்றாலும் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகள் மறைந்து போவதில்லை; நீரோடு சென்று வெப்பமாற்றியின் குழாய்களின் வாயில் சிக்கிக்கொள்ளும். ஆகவே இதழ்ச் சக்கரத்தை மாற்றும் கைதேர்ந்த பொருத்துநர், பழைய சக்கரத்தில் எத்தனை இதழ் குறைகிறதென்று எண்ணிப் பார்ப்பார். குறைந்த துண்டுகள் அத்தனையும் கையில் கிடைக்கும் வரை அவர் மூடியைப் போடமாட்டார். அரிப்பைத் தான் ஏற்று உலோகத்தைக் காக்கும்படி வெப்பமாற்றியினுள் வைக்கும் துத்தநாகத் துண்டும், தேய்ந்து உடைந்தால் தானே ஓர் அடைப்பாகும். இறுதியாக, நீர் புகையோடு கலந்து வெளியேறும் குழாயின் வளைவில், உப்பும் கரியும் சேர்ந்து கல்லாக இறுகும்.

துப்புரவு செய்வதற்கும் ஒரு முறை உண்டு. இயந்திரம் ஆறிய பிறகு வால்வை மூடி, வழியை அவிழ்க்க வேண்டும். தளர்ந்த அழுக்கை, நீர் செல்லும் திசைக்கு எதிர்த் திசையில் நன்னீரைப் பாய்ச்சித் தள்ள வேண்டும். வந்த வழியே அது திரும்பிப் போகும். நேர்த் திசையில் பாய்ச்சினால் இன்னும் ஆழத்தில் போய் இறுகும். குழாய்களுக்குள் மரக்குச்சியையோ மென்மையான தூரிகையையோ செலுத்தலாம். எஃகுக் கம்பியை விட்டால் செப்புக் கலவைக் குழாயின் சுவர் கீறிப் பொத்துப்போகும். பொத்தால் கடல் நீர் நன்னீரோடு கலந்து இயந்திரத்தின் உள்ளே புகுந்துவிடும். இறுகிய சுண்ணத்திற்கு அமிலமே மருந்து. நம் பாட்டிமார் செப்புக் குடத்தையும் பித்தளைக் குத்துவிளக்கையும் புளி இட்டுத் துலக்கியதும் இதே வேதியியல்தான். அமிலம் பட்டதும் சுண்ணம் நுரைத்துக் கரையும். நுரை அடங்கினால் வேலை முடிந்தது, அல்லது அமிலம் தீர்ந்தது என்று பொருள். வலிய அமிலமானால் நீர் நிறையக் கலந்து, கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்ய வேண்டும். நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. அலுமினியப் பகுதிகளை அமிலம் தின்றுவிடும். பின்னர் சலவைச் சோடா கரைத்த நீராலும் நன்னீராலும் அலசி, அமிலத்தின் சுவடே இல்லாமற் செய்ய வேண்டும். பழைய கொதிகலன்களில் படிந்த கால்சியம் சல்பேட்டுப் பொருக்கோ எளிய அமிலத்திற்கும் இளகாது. அதனாலன்றோ அந்நாளைய ஆட்கள் உளியை எடுத்தனர்!

சிறு படகின் இத்தொல்லை பெரிய நிலையங்களையும் விட்டதில்லை. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1983-இலும் 1985-இலும் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளுக்கும் கடல் நீரே குளிர்விப்பான். கடற்படுகையின் அடியில் குடைந்த, அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த சுரங்கம் ஒன்றின் வழியாக அந்நீர் வருகிறது. அச்சுரங்கத்தின் சுவரில் பச்சை நிறமுடைய கடற்சிப்பிகளும் கொட்டலசுகளும் குடியேறின. ஓடும் நீர் உணவைக் கொணர்ந்து ஊட்ட, அவை செழித்து வளர்ந்து நூற்றுக்கணக்கான டன் எடைக்குப் பெருகியதை ஆராய்ச்சியாளர் கணித்தனர். நீரில் குளோரின் சேர்த்து அவற்றை அடக்கி வருகின்றனர். சொறிமீன்கள் கூட்டமாக வரும் பருவங்களில் வடிதிரைகளில் அவை திரண்டு அடைப்பதுண்டு. அணுவைப் பிளக்கும் அறிவும் கடற்சிப்பியின் முன்னே சற்று நின்று வழிகேட்டுத்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மீன்கள் இனம் பெருகுவதற்காக விதித்த தடை இது. அந்நாட்களில் இராமேசுவரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி, காசிமேடு ஆகிய துறைகளில் படகுகளைக் கரையேற்றுவர். அடிப்பலகையின் கொட்டலசைச் சுரண்டுவர். இயந்திரத்தை இறக்கி, ஒவ்வொரு குழாயாக அவிழ்த்துத் துலக்குவர். தில்லியில் நாம் கூலரின் தட்டியை மாற்றி, அதன் துளைகளைக் குத்தி விடுவதும் அதே நாட்களில்தான். வருவாயில்லாத அந்த இரு மாதங்களில் பழுதுபார்ப்புக்கான பணம் கடனாகவே வர வேண்டியிருக்கும் குடும்பங்கள் பல. இம்முறை வெப்பமாற்றியை அவிழ்க்காமல் விட்டால் சிறிது பணம் மிஞ்சுமே என்ற எண்ணம் அங்கே எழுவது இயற்கை. அந்த எண்ணத்திற்கு இணங்கிய படகு, பின்னர் ஓர் இரவில் நீரிணையின் நடுவே நின்றுவிடக்கூடும். மறுநாள் அது "இயந்திரக் கோளாறு" என்று அச்சாகும்.

ஆகவே இதனைத் தனியொருவரின் அசட்டையாக மட்டும் கருதுவது நேர்மையன்று. கடல் நீரைக் கொண்டு நெருப்பை ஆள முற்பட்ட நாள் முதல், அடைப்பு அம்முயற்சியோடு கூடவே பிறந்தது. வாட்டின் குளிர்கலனில் அது உப்பாக வந்தது. ஹாலின் குழாய்களில் கொழுப்பாக வந்தது. டேவியின் செப்பில் கொட்டலசாக வந்தது. இன்று பிளாஸ்டிக் பையாகவும் வருகிறது. புதுமை கண்டவர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அப்புதுமை ஓடும்படி, நாள்தோறும் வழியைத் திறந்து வைத்தவர்களின் பெயர்களை எழுதவில்லை. கொதிகலனுக்குள் இறங்கி உளி பிடித்தவனும், கப்பலின் அடித்தளத்தில் குழாய் துலக்கியவனும், இன்று காசிமேட்டில் இதழ்ச் சக்கரத்தின் துண்டுகளை எண்ணுகிறவனும் ஒரே தொழிலின் வழிவந்தவர்கள். படகுக்கு மானியமும் எண்ணெய்க்குச் சலுகையும் அளிப்பது நன்றே. பழுதுபார்ப்புக்கும் பயிற்சிக்கும் அதே கருத்துடன் துணை நின்றால், எல்லைக்கோட்டைத் தாண்டி மிதக்கும் படகுகளில் சிலவேனும் குறையும்.

விசைப்படகு துறையை விட்டுப் புறப்படும்போது, அனுபவமுள்ள ஓட்டுநர் முதலில் பார்ப்பது வானத்தையன்று. படகின் விலாவில், இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே பாயும் நீரைத்தான் எட்டிப் பார்க்கிறார். அது தடித்துப் பாய்ந்தால் திசை திருப்புவார். மெலிந்து சொட்டினால், எத்தனை பேர் அவசரப்பட்டாலும், கயிற்றை மீண்டும் கரையில் கட்டுவார்.